சுலைமான் பாய் லாரிக்குக் கணப்பு வைத்த கதை

சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கம் திரும்பும் பஸ்ஸில் இருந்தேன். பஸ் காவேரிப் பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தது. தெரிந்த கண்டக்டர்தான். டிக்கெட்டைக் கிழிக்காமல் என் முகத்தையே பார்த்தபடி நின்றார்.

"சாமி, உங்களுக்குச் சேதி வரலையா? பாய் மவுத்தாயிட்டாராம். பாலக்கரையில ஆளுங்க கூடிட்டாங்க."

எந்த பாய் என்று நான் கேட்கவில்லை. மாம்பழச்சாலையில் இறங்கி, எதிர்ப்பக்கம் வந்த பஸ்ஸில் ஏறித் திரும்பிப் போனேன். பாய் வீட்டு வாசலில் மார்க்கெட்டே நின்றுகொண்டிருந்தது. மூட்டை தூக்குகிறவர்கள், மண்டிக்காரர்கள், லாரி டிரைவர்கள். சுலைமான் பாயின் மகள் என்னைக் கண்டதும் கூட்டத்தை விலக்கி, வாப்பாவின் முகத்தைப் பார்க்க வழிவிட்டாள்.

காந்தி மார்க்கெட்டில் அவருடன் பழகிய உங்களுக்கு அவரைப் பற்றி நான் புதிதாக என்ன சொல்ல இருக்கிறது? அவருடைய உரத்த சிரிப்பை அறிவீர்கள். பண்டிகை நாளில் மண்டி மண்டியாகப் பிரியாணி கொடுத்தனுப்பிவிட்டு, எனக்கு மட்டும் கூடை நிறையப் பழம் வாங்கி வைத்திருப்பதை அறிவீர்கள். நான் எழுத வந்தது வேறு. நாங்கள் இருவரும் கூட்டாக வைத்திருந்த லாரியில் நடந்த ஒரு விஷயம். "நான் இருக்கிற வரைக்கும் இதை வெளியில சொல்லாதீங்க சாமி, கூட வர்றதுக்கு ஆள் கிடைக்காது" என்று கேட்டுக்கொண்டார். வெளியே யாரிடமும் நான் சொல்லவில்லை.

அந்த லாரி யுத்தம் முடிந்து ராணுவம் கழித்துவிட்ட வண்டி. பச்சைப் பெயிண்டை மாற்றக்கூட இல்லை. கதவுகளுக்குக் கண்ணாடி கிடையாது, கித்தான் திரைதான். அதில் கொடைக்கானலுக்குப் போய் உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் ஏற்றி வருவோம். பாய் ஓட்டுவார். சரக்கு பார்த்து வாங்குவது என் வேலை. மலையேறும்போது அவர் பேசமாட்டார். கேட்டால், "மலைக்கு நம்மளத் தெரியக்கூடாது சாமி. தெரியாமப் போயி, தெரியாம வந்துடணும்" என்பார்.

ஒரு மார்கழியில் மலைக்கு எங்களைத் தெரிந்துவிட்டது. சரக்கு ஏற்றி இறங்கும்போது பிற்பகல்தான். ஆனாலும் மூடுபனி கீழிருந்து ஏறி வந்தது. கித்தான் இடுக்கு வழியாக வந்த காற்று முகத்தை அறுத்தது. ஒரு வளைவில் வண்டி திரும்பவேயில்லை. நேராகப் போய் ஓரக்கல்லில் முட்டி நின்றது. ஒரு சக்கரத்தின் அடியில் கல் பெயர்ந்து உருண்டு போகும் சத்தம் கேட்டது. அது போய் விழுந்த சத்தம் கேட்கவில்லை.

பாய் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். "சாமி, கை வரமாட்டேங்குது" என்றார். விறைத்துப்போன விரல்களை ஒவ்வொன்றாக நான்தான் பிரித்து எடுத்தேன். கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, வண்டியைப் பின்னால் எடுத்து, மெல்ல ஓட்டி ஊர் வந்து சேர்ந்தார். மார்க்கெட்டில் சரக்கை இறக்கிய பிறகு, "வண்டிக்குள்ள ஒரு கணப்பு இல்லாம இனிமே நான் மலையேறமாட்டேன்" என்றார்.

திருச்சியில் லாரிக்கு ஹீட்டர் தேடுகிறவரைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். பாய் விடவில்லை. பங்குனி பிறந்திருந்தது. பழைய இரும்புக்கடை ஒன்றில், வடக்கேயிருந்து ரயில் வேகனில் வந்து இறங்கிய ராணுவ வண்டி உடைசல்கள் கிடந்தன. அதில் ஒரு டிரைவர் கூண்டு மட்டும் தனியாகச் சாய்ந்து கிடந்தது. அதன் உள்ளே, டிரைவரின் முழங்காலுக்கு எதிரே, நெல் அளக்கும் மரக்கால் அளவில் ஓர் இரும்புப் பெட்டி பொருத்தியிருந்தது. பனிமலை எல்லையில் ஓடிய வண்டி என்பதற்குமேல் கடைக்காரருக்கு ஒன்றும் தெரியவில்லை.

பெட்டியின் வாயில் துணிப் பந்து ஒன்றைத் திணித்து அடைத்திருந்தார்கள். பாய் அதை இழுத்து எடுத்து உதறினார். ஐந்து விரல்கள் விரிந்தன. கம்பளிக் கையுறை, வலது கைக்கானது. யாரோ வீட்டில் கையால் பின்னியது. "இன்னொண்ணு எங்கே?" என்று கூண்டுக்குள் தலையை விட்டுத் தேடினார். கிடைக்கவில்லை. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அந்தப் பெட்டி வேலை செய்யும் விதம் எளிது. என்ஜினைக் குளிரவைத்துச் சூடேறிய தண்ணீரில் கொஞ்சத்தை ஒரு ரப்பர் ஹோஸ் வழியாகப் பெட்டிக்குத் திருப்ப வேண்டும். உள்ளே செப்புக் குழாய் சுருளாக ஓடுகிறது. அதில் வெந்நீர் சுற்றும்போது பின்னாலிருக்கும் சின்ன விசிறி அந்தச் சூட்டை முன்னால் தள்ளும். ஆறிய தண்ணீர் இன்னொரு ஹோஸ் வழியாக என்ஜினுக்கே திரும்பிவிடும். பாலக்கரை ஷெட்டில் பாய் எங்கள் லாரிக் கூண்டின் முன்தகட்டில் துளை போட்டுப் பெட்டியை முடுக்கினார். பெட்டியின் குழாயில் பழைய ஹோஸின் துண்டு ஒன்று இறுகி ஒட்டியிருந்தது. நன்றாகத்தானே இருக்கிறது என்று அதன்மேலேயே புது ஹோஸை இணைத்துக் கிளிப்பை இறுக்கினார். விசிறிக்கு பாட்டரியிலிருந்து ஒயர் இழுத்தார்.

வேடிக்கை பார்க்க மார்க்கெட் ஆட்கள் கூடியிருந்தார்கள். நல்ல உச்சிப்பொழுது. ரோட்டில் தார் இளகி, செருப்பு ஒட்டிக்கொண்டு வந்தது. என்ஜினை ஓடவிட்டு, சூடேறியதும் பாய் விசிறியைப் போட்டார்.

காற்று வந்தது. சில்லென்று வந்தது. கூண்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கழுத்து வேர்வை ஒரு நொடியில் உறைந்தாற்போல் ஆயிற்று. வெந்நீர் வராவிட்டால் வெளிக்காற்றுத்தானே வரவேண்டும்? வெளியே அனல் அடித்துக்கொண்டிருந்தது. கேலி செய்துகொண்டு கூண்டுக்குள் கையை நீட்டிய ஆள், கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு கூட்டத்தை விட்டு நடந்து போனான். அந்தக் காற்றில் ஈரக் கம்பளியின் வாடை இருந்தது.

பாய் விசிறியை நிறுத்தினார். ஹோஸைக் கழற்றி, பழைய துண்டைக் கத்தியால் கீறிப் பிரித்தார். குழாயின் வாய்க்குள் ஒரு தக்கை. தூசி போகாமல் இருப்பதற்காகப் புதுச் சாமானில் செருகி அனுப்புவார்களே, அது. மாட்டியவன் அதை எடுக்க மறந்திருக்கிறான். அந்தப் பெட்டிக்குள் ஒருநாள்கூட வெந்நீர் போனதில்லை.

பாய் தக்கையை விரலில் உருட்டிப் பார்த்தார். பிறகு பையிலிருந்து கையுறையை எடுத்தார்.

"புரியுதா சாமி? சூடு வரும்னு விசிறியைப் போட்டிருக்கான். பனிக்காத்து வந்திருக்கு. நிறுத்த முடியல போல. கையில இருந்ததைக் கழட்டி அடைச்சிருக்கான்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, வெறுங்கையோட உக்காந்திருப்பான்."

தக்கையை எடுத்தபின் ஹீட்டர் நன்றாகவே வேலை செய்தது. கோடை முழுக்க அதற்கு வேலையில்லை. ஐப்பசி மழை ஆரம்பித்தபின் மலையில் முதல்முறையாகப் போட்டோம். கூண்டுக்குள் இதமான சூடு பரவியது. பாயின் விரல்கள் ஸ்டியரிங்கில் தாளம் போட்டன. எங்கள் மூச்சு பட்டு முன்கண்ணாடி மங்கத் தொடங்கியது. அவருக்கு எதிரே ஒரு வட்டம், எனக்கு எதிரே ஒரு வட்டம்.

நடுவில் இன்னொரு வட்டம்.

எங்கள் இருவருக்கும் இடையில் ஓர் ஆள் உட்காரும் இடம் காலியாக இருந்தது. அந்த இடத்துக்கு நேர் எதிரே கண்ணாடியில் ஆவி படர்ந்து சுருங்கியது, மறுபடி படர்ந்தது. என்னுடைய மூச்சோடு அது ஒத்துப்போகவில்லை. நான் மூச்சை அடக்கிப் பார்த்தேன். அது அடங்கவில்லை.

"பாய்."

"பாத்துட்டேன். ஏற்கெனவே பாத்துட்டேன். பேசாம இருங்க."

"நிறுத்துங்க. நான் இறங்கிக்கறேன்."

நிறுத்தினார். நான் பின்னால் ஏறி, மூட்டைகளின் மேல் கோணிச்சாக்கைப் போர்த்திக்கொண்டு மழைச்சாரலில் உட்கார்ந்து வந்தேன். கூண்டின் பின்பக்கச் சின்ன ஜன்னல் வழியாகப் பாயின் தலை தெரிந்தது. அவர் பக்கவாட்டில் திரும்பித் திரும்பிப் பேசிக்கொண்டு வந்தார். மலையில் அவர் பேசி நான் அதுவரை பார்த்ததில்லை.

வீட்டில் சொன்னேன். என் மனைவி, "அந்தப் பெட்டியைக் கழட்டிக் காவேரியில போடச் சொல்லுங்கோ. இல்லேன்னா நீங்க போகவேண்டாம்" என்றாள். மறுநாள் அதையே பாயிடம் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. "கழட்டிடலாம் சாமி. ஆனா பாவம், இப்பத்தான் அவருக்குச் சூடு கிடைச்சிருக்கு. இப்பப் போயி இறக்கிவிட்டா எங்க போவாரு?" என்றார். பிறகு, "உங்களுக்கு நடுவுல இடம் காலியா இருக்கிறதுதானே பயம்? ஒரே ஒரு தடவை நீங்க நடுவுல உக்காந்து வாங்க. அதுக்கப்புறமும் வேணாம்னா நானே கழட்டிடறேன்" என்றார்.

ஏன் சம்மதித்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் முகத்தைப் பார்த்து மறுக்க முடியவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

அடுத்த நடையில் பாய்க்கு அருகே நடுவில் உட்கார்ந்தேன். எனக்கு இடப்பக்கம், கதவோரம், காலி. மலை உச்சியிலிருந்து கொஞ்ச தூரம் இறங்கியதும் என் இடத் தோள் குளிர்ந்தது. காற்றின் குளிர் இல்லை அது. ஈரத் துணியோடு ஒருவர் நெருங்கி உட்கார்ந்தால் எப்படி இருக்கும், அப்படி. நான் கண்ணை மூடிக்கொண்டேன். வாய் தானாகப் பெருமாள் நாமத்தைச் சொல்லிற்று. பாய் பக்கத்தில் அவருடைய துவாவை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். என் முழங்காலில் ஹீட்டரின் சூடு பட்டது.

வளைவுக்கு வளைவு அந்தக் குளிர் குறைந்தது. முதலில் தோளில் குறைந்தது, பிறகு முழங்கையில். அடிவாரம் நெருங்கும்போது என் பக்கத்தில் இருந்தது ஒரு மனிதனுக்கு இருக்கவேண்டிய உடம்புச் சூடு. அதற்குமேல் எனக்குப் பயம் இல்லை.

மலை முடிந்து சமதரை தொடங்கும் இடத்தில் பாய் வண்டியை ஓரங்கட்டினார். நல்ல வெயில் இருந்தது. இறங்கி முன்னால் சுற்றி வந்து, இடப்பக்கக் கதவைத் திறந்து, வீட்டுக்கு வந்த விருந்தாளியை வழியனுப்புவதுபோல ஒதுங்கி நின்றார். கம்பளிக் கையுறையை எடுத்து நீட்டினார். கை திரும்பி வந்தபோது வெறுமையாக இருந்தது. கீழே விழுந்ததா என்று நான் குனிந்து பார்க்கவில்லை.  பிறகு பாய் மெதுவாகக் கதவைச் சாத்தினார்.

"போயிட்டாரு" என்றார்.

அதற்குப் பிறகு கண்ணாடியில் எங்கள் இருவருடைய மூச்சு மட்டுமே படர்ந்தது. லாரியை விற்கும்வரை ஹீட்டர் ஒழுங்காக ஓடியது.

பாய் படுத்த படுக்கையான பிறகு போய்ப் பார்த்தேன். பேச்சு குழறியது. மகளை வெளியே போகச் சொல்லிவிட்டு என்னை அருகே அழைத்தார்.

"அன்னிக்குக் கதவைத் திறந்தேன்ல சாமி. இறங்கும்போது அவரு ஒரு வார்த்தை சொன்னாரு. உங்களுக்குக் கேட்டுச்சா?"

இல்லை என்றேன்.

"என்ன பாஷைன்னு தெரியல. பட்டாளத்துல இருந்து வந்தவங்க எத்தனையோ பேர்கிட்ட கேட்டுட்டேன். யாருக்கும் புரியல. நன்றின்னு சொன்னாரோ, ஊரு பேரைச் சொன்னாரோ. அவரோட சொந்தப் பேரா இருந்தா? ஒருத்தராவது ஞாபகம் வெச்சிருக்கணுமில்ல?"

என் காதில் அந்தச் சொல்லைச் சொன்னார். சரியாக வரும்வரை திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டார். வந்ததும் தலையணையில் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

இதைப் படிக்கும் உங்களுக்கு அந்தச் சொல்லை நான் எழுதிக் காட்டப் போவதில்லை. எழுத்தில் எழுதினால் ஓசை மாறிவிடும். பாயை அடக்கம் செய்த மையவாடியில் எல்லோரும் மூன்று பிடி மண் போட்டார்கள். நானும் போட்டேன். போடும்போது அந்தச் சொல்லையும் சுலைமான் பாயின் பெயரையும் சேர்த்து மெதுவாகச் சொன்னேன். பாயின் பெயரைச் சொல்ல ஊரே இருக்கிறது. அந்தச் சொல்லை நினைவில் வைத்திருப்பவன் இப்போது நான் ஒருவன்தான். தினமும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிக்கொள்கிறேன்.