மத்தி மீனுக்குள் மாத்திரை

உப்பளம் பேட்டையில் மீன் வெட்டிக் கொடுக்கும் குஞ்சம்மாளுக்கு ஒரு கர்வம் உண்டு. அவள் தெருவில் திரியும் ஐந்து நாய்களில் ஒன்றின் வயிற்றிலும் பூச்சி கிடையாது. கால்நடை ஆஸ்பத்திரியில் பூச்சி மாத்திரை வாங்கி வந்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவளே கொடுத்துவிடுவாள். குப்பையில் வாய் வைக்கிற ஜென்மங்களுக்கு வேறு யார் இருக்கிறார்கள் என்பாள்.

மாத்திரை என்றால் நாய் லேசில் ஏமாறாது. கறிக்குள் வைத்தால் கறியைத் தின்றுவிட்டு மாத்திரையைத் துப்பிவிடும். அதனால் அவள் ஒரு வழி பழக்கினாள். கத்திப் பிடியால் வெட்டுக்கட்டையில் மூன்று தட்டு. ஓடி வந்தால் முழு மத்தி. மோந்து பார்க்க நின்றால் மீன் அடுத்த நாய்க்கு. மாதக்கணக்கில் வெறும் மீன்தான் போட்டாள். பிறகு ஒருநாள் செவுளுக்குள் மாத்திரை செருகிய மீன். ஐந்தும் லபக்கென்று முழுங்கின. தெருப் பூனைகளிடம் இந்தப் பாச்சா பலிக்கவில்லை. அவற்றைத் துண்டில் சுற்றி, பிறாண்டல் வாங்கிக்கொண்டு, மருந்தை வாயில் ஊற்ற வேண்டியிருந்தது. நம்பிக்கை கெட்ட ஜாதி என்று திட்டிக்கொண்டே ஊற்றுவாள்.

எதிர்வீட்டுச் சக்கரபாணி ரிட்டையர்டு ஆபீசர். நாய் குரைத்தாலே கம்பெடுக்கிறவர். போன வாரம் அவர் கேட்டருகே நின்று வேடிக்கை பார்த்தார்.

"மோந்துகூட பாக்காதா குஞ்சம்மா?"

"பாக்காது சார். மூணு தட்டு தட்டி நீங்க போட்டாலும் முழுங்கும்."

மனிதர் திருந்திவிட்டார் என்று அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. செவுளுக்குள் மாத்திரையை எப்படிச் செருகுவது என்றும் காட்டிக்கொடுத்தாள். வாய் சும்மா இருந்திருக்கலாம்.

"யார் போட்டாலுமா?" என்று அவர் திரும்பக் கேட்டது அப்போது அவளுக்கு உறைக்கவில்லை.

நேற்றுக் காலை ஐந்தில் ஒன்றான செவலைப் பெட்டை அவர் வீட்டுச் சுவரோரம் நுரை தள்ளிச் செத்துக் கிடந்தது. பக்கத்தில் பாதி கக்கிய மத்தி. குஞ்சம்மாள் குச்சியால் செவுளைத் தூக்கிப் பார்த்தாள். உள்ளே கறுப்பாக என்னவோ பொடி. செருகியிருந்த விதம் அவளுடையது.

"மருந்து மருந்துன்னு நீதானே எதையாவது போடற?" என்றார் சக்கரபாணி, தெருவுக்கே கேட்கும்படி. தெருவும் அவளைத்தான் பார்த்தது.

இன்று மதியம் அவள் கட்டையைக் கழுவிக்கொண்டிருந்தபோது மூன்று தட்டு கேட்டது. கட்டை அவள் கையில் இருந்தது. சத்தம் எதிர்வீட்டுக் கேட்டுக்கு உள்ளிருந்து வந்தது.

நிழலில் படுத்திருந்த நான்கும் துள்ளி எழுந்தன. "போவாதீங்கடா!" என்று கத்தினாள். வரத்தான் பழக்கியிருந்தாளே தவிர, போகாதே என்றால் நிற்கப் பழக்கவில்லை. கையில் அகப்பட்ட கற்களை எடுத்து, வாழ்க்கையில் முதல்முறையாக, அவற்றின் மேல் எறிந்தாள். மூன்று நாய்கள் வாலை இடுக்கிக்கொண்டு ஓடின. பிரெஞ்சுத் துரை மாதிரி நடப்பதால் முசியே என்று தெருவே பெயர் வைத்த வெள்ளைக் கிழவன் மட்டும் நின்றது. அவள் கையிலிருந்து வந்ததாயிற்றே. மோந்து பார்க்காமல் கல்லை வாயில் கவ்வி முழுங்கப் பார்த்தது.

மறுபடி மூன்று தட்டு.

முசியே கல்லைத் துப்பிவிட்டுக் கேட்டுப் பக்கம் ஓடியது. பின்னாலேயே குஞ்சம்மாளும் ஓடினாள். அவளுக்கு முழங்கால் வலி. நாய்க்கு நாலு கால்.