பிறந்த வீட்டில் கிடைத்த பத்தாவது கட்டுரை

அந்தக் கல்லூரி நூலகத்தில் ஆய்விதழ்களை அடுக்கி வைப்பவளை எல்லாரும் அண்ணி என்றுதான் கூப்பிடுவார்கள். கொழுந்தன் ஒருத்தன் வந்து வந்து கூப்பிட்டதில் பேராசிரியர்கள் வாயிலும் அது ஒட்டிக்கொண்டது. படிப்பு எட்டாவதோடு சரி. ஆனால் இருபத்திரண்டு வருஷம் தூசி தட்டியதில் எந்தக் கட்டுரைக்கு எது சொந்தம் என்பது அத்துப்படி. கட்டுரையின் கடைசியில் இருக்கும் மேற்கோள் பட்டியல்தான் அவளுக்கு வம்சாவளி. "இவர் அவரைச் சொல்லலைன்னா ரெண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லைன்னு அர்த்தம்" என்பாள்.

கொழுந்தன் போட்டோ ஸ்டுடியோக்காரன். நாற்பத்தைந்து வயதில் முனைவர் பட்ட ஆசை பிடித்துக்கொண்டது. பழைய போட்டோக்கள் ஏன் மஞ்சளாகின்றன என்பது அவன் ஆராய்ச்சி. காட்சிக்கலைத் துறையில் இருந்த நெறியாளருக்கு அது பிடிக்கவே இல்லை.

"இது கடைக்காரன் சந்தேகம்யா. யாராவது எழுதியிருக்காங்களா? இன்னைக்கு நாலு மணிக்குள்ள பத்துக் கட்டுரை காட்டுங்க. இல்லேன்னா உங்க இடம் வேற ஆளுக்கு" என்று சொல்லிவிட்டார்.

இரண்டு மணிக்கு அண்ணி எட்டிப் பார்த்தபோது அவன் கணினி முன் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான்.

"படம் கழுவுறதுக்கு டெவலப்பிங்னு போட்டேன் அண்ணி. குழந்தை வளர்ச்சி, நாட்டு முன்னேற்றம்னு நாற்பதாயிரம் வந்து நிக்குது."

"அப்புறம்?"

"படம் அழியாம நிறுத்துற மருந்தாச்சேன்னு ஃபிக்ஸிங்னு போட்டேன். எலும்பு முறிவு வந்து நிக்குது."

"அதை எடுத்து வைங்க, உங்க அண்ணனுக்கு ஆகும். போன வாரம்தான் மாடிப்படியில உருண்டாரு. சரி, எந்தப் பக்கம் தேடினீங்க?"

"கலைப் பக்கம்தான்."

"அது வாக்கப்பட்ட வீடு, கொழுந்தனாரே. போட்டோவுக்குப் பிறந்த வீடு ரசாயனம். உடம்புச் சீக்கெல்லாம் பிறந்த வீட்டுக்குத்தான் தெரியும்."

ரசாயன அலமாரியில் ஒரு தடித்த தொகுப்பை உருவினாள். அதில் ஒரு கட்டுரை அகப்பட்டது. அதன் வம்சாவளியைப் பிடித்துக்கொண்டு போனால் மாமன், மச்சான், ஒன்றுவிட்ட சித்தப்பா என்று மூன்றரை மணிக்குள் ஒன்பது சேர்ந்துவிட்டன.

"ஒன்பது பேரும் ஒருத்தரையே பெரியப்பாங்கிறாங்களே, யாரு இது?"

கொழுந்தன் குனிந்து பெயரைப் படித்தான். இன்னொரு தடவை படித்தான். முப்பது வருஷத்துக்கு முந்தைய கட்டுரை: மருந்து போகக் கழுவாத போட்டோ மஞ்சளாகும் என்பது விஷயம். எழுதியவர் அவன் நெறியாளரேதான்.

"அதை முதல்ல எழுதுங்க" என்றாள் அண்ணி.

நாலு மணிக்குப் பட்டியலை வாங்கிய நெறியாளர் முதல் வரியைத் தாண்டவில்லை.

"இதை ஒருத்தனும் படிக்கலைன்னுதான்யா நான் ரசாயனத்தையே விட்டேன்."

"ஒன்பது பேர் படிச்சிருக்காங்க சார்" என்றான் கொழுந்தன்.

பட்டியலில் கையெழுத்துப் போட்டார். கால் மணி நேரத்தில் ஆய்விதழ்ப் பிரிவுக்கு மூச்சு வாங்க வந்து நின்றார்.

"அண்ணி, அந்த ஒன்பதையும் வீட்டுக்குக் கொண்டுபோகலாமா?"

"வெளிய கொடுக்கிறதில்ல சார். இங்கேயே உக்காந்து படிங்க."

உட்கார்ந்தார். நாலாவது கட்டுரையில் மேசையைத் தட்டினார்.

"இவன் என்னைத் தப்புன்னு எழுதியிருக்கான்!"

"சொந்தக்காரங்கன்னா அப்படித்தான் சார்" என்று அண்ணி அடுத்த தொகுப்பை அவர் பக்கம் தள்ளினாள்.