உடையப்பன் மச்சான் படித்த ஸ்பானிஷ்

எங்கள் அப்பா இறந்தபோது உடையப்பன் மச்சான் கத்தாரில் இருந்தார். வர முடியவில்லை. அதை நான் குறை சொல்ல மாட்டேன். லீவு கிடைக்காமல் பெற்ற தகப்பனுக்கே கொள்ளி போட முடியாதவன் எங்கள் அரிமளத்தில் தெருவுக்கு ஒருவன் இருக்கிறான். என் ஆத்திரம் வேறு. எட்டு மாதம் கழித்து ஊருக்கு வந்தவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். எனக்கு ஒரு சென்ட் பாட்டில் கொடுத்தார். கறிச்சோறு தின்றார். ஏப்பம் விட்டார். போய்விட்டார். துட்டி கேட்கவில்லை.

துட்டி கேட்பது பெரிய வித்தை இல்லை. சாவுக்கு வர முடியாதவன் ஊர் திரும்பியதும் முதல் காரியமாக அந்த வீட்டுக்குப் போக வேண்டும். பச்சைத் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல் உட்கார்ந்து, எப்படி ஆச்சு என்று கேட்க வேண்டும். வீட்டுக்காரன் சொல்வான். வந்தவன் கேட்டுக்கொள்வான். எழுந்து போய்க் குளித்துவிட்டுத் தன் வீட்டுக்குள் நுழைவான். அவ்வளவுதான். பகையாளிகூட இதைச் செய்வான். என் அக்கா அழகம்மாளைக் கட்டியவர் செய்யவில்லை. பெண் கொடுத்த வீட்டுக்காரன் மாப்பிள்ளையிடம் போய் ஏன் கேட்கவில்லை என்று கேட்கவும் முடியாது. அது அக்காள் தலையில்தான் விடியும். பதினோரு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அந்த மனிதர்தான் போன வருஷம் என் கிரில் பட்டறைக்குள் வந்து, கேட்டுக்கு வெட்டிய தகட்டில் சாக்பீஸால் ஸ்பானிஷ் எழுத ஆரம்பித்தார்.

மச்சான் பைப் வெல்டர். ஐம்பத்திரண்டு வயது. இருபத்தாறு வருஷத்தில் ஐந்து நாடு. எந்த நாட்டுக்குப் போனாலும் ஒரே மாதத்தில் அந்த ஊர்ப் பாஷை பேசுவார் என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். எனக்குத் தெரியும் அது என்ன பாஷை என்று. ஏறு, இறங்கு, தூக்கு, வை, நிறுத்து, சீக்கிரம். வேலைத்தளத்தில் அதற்கு மேல் எவனுக்கும் தேவையில்லை. நேற்று என்ன நடந்தது என்று அங்கே யாரும் யாரிடமும் கேட்பதில்லை.

கடைசியாக அவர் போனது ஆப்பிரிக்காவில் ஸ்பானிஷ் பேசுகிற நாட்டுக்கு. எக்குவடோரியல் கினி. கேஸ் கம்பெனி ஒன்றில் பைப் லைன் வேலை. அவருக்குச் சாரம் கட்டிக் கொடுக்க அந்த ஊர்க்காரன் ஒருவன், பெயர் அன்செல்மோ. பதினாறு மாதம் இரண்டு பேரும் ஒரே டப்பாவில் சாப்பிட்டிருக்கிறார்கள். அவன் வீட்டிலிருந்து மரவள்ளிக் கிழங்கும் மீனும் வருமாம். ஒருநாள் அன்செல்மோ சாரத்திலிருந்து விழுந்து செத்துப்போனான். மூன்றாம் நாள் கம்பெனி, அங்கே வேலை பார்த்த நம் ஆட்களையெல்லாம் பிளைட் ஏற்றி அனுப்பிவிட்டது.

மச்சான் ஊர் வந்து சேர்ந்து கொஞ்ச நாளில் அன்செல்மோ பெண்டாட்டி மிலாக்ரோசா போனில் குரல் அனுப்ப ஆரம்பித்தாள். மச்சான் மகள் ஹரிணி புதுக்கோட்டையில் காலேஜ் படிக்கிறாள். அவள்தான் அதைப் போனிலேயே தமிழாக்கிக் காட்டினாள். என் புருஷன் பெல்ட் போடவில்லை, அவன் தப்புத்தான் என்கிறார்கள். பக்கத்தில் இருந்தது நீங்கள். என்ன நடந்தது? கடைசியாக என்ன சொன்னான்? இதேதான். வாரத்துக்கு ஒருமுறை இதையே அனுப்பினாள்.

"அப்பா, நீங்க தமிழ்ல சொல்லுங்க. போனே ஸ்பானிஷ்ல பேசிரும்" என்றாள் ஹரிணி.

மச்சான் ஒரு வரி சொன்னார். போன் பேசியது. இரண்டாவது பிளாட்பாரத்துக்கு ரயில் வருகிறது என்று சொல்வாளே, அந்தப் பெண் குரல்.

"அணைச்சுத் தொலை" என்றார் மச்சான். "துட்டி கேக்கப் போறவன் கூலிக்கு ஆள் பிடிச்சா பேசச் சொல்லுவான்? நானே பேசுறேன்."

நான் அப்போது அங்கேதான் இருந்தேன். துட்டி என்ற சொல் அவர் வாயிலிருந்தே வந்தது. தெரிந்துதான் வைத்திருக்கிறார்.

ஹரிணி ஒரு டைரியில் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தாள். முடிந்துபோன காரியத்தைச் சொல்லும் வார்த்தைகள். ஒரு வரிக்கு இரண்டு. நான் செய்தது ஒன்று, அவன் செய்தது ஒன்று. ஃபுயி, ஃபுவே. போனேன், போனான். பீனே, பீனோ. வந்தேன், வந்தான். பூதே, பூதோ. என்னால் முடிந்தது, அவனால் முடிந்தது. ஒழுங்கான வார்த்தைகள் ஒரே அச்சில் வார்த்ததுபோல வந்துவிடுமாம். கோணல் எல்லாம் அன்றாடம் புழங்குகிற வார்த்தைகளில்தான். எனக்கு அது ஆச்சரியமாக இல்லை. பட்டறையில் தினம் கைபடுகிற சுத்தியலின் பிடிதான் தேய்ந்து கோணலாகிறது. அலமாரியில் கிடக்கிற சுத்தியல் வாங்கினபடியே இருக்கும்.

மச்சானுக்குத்தான் அது மனசில் ஏறவில்லை. வீட்டில் இருப்புக்கொள்ளாமல் காலையிலேயே என் பட்டறைக்கு வந்துவிடுவார். உட்கார மாட்டார். வாசலிலிருந்து டிரில்லிங் மெஷின் வரை நடை, மறுபடி வாசல். கையில் சாக்பீஸ். வெட்டி வைத்த தகடு எதைப் பார்த்தாலும் எழுதுவார், அழிப்பார், எழுதுவார். வேலை ஆட்களுக்குச் சிரிப்பு. எனக்கு எரிச்சல்.

"மச்சான், ஒரு இடத்துல நில்லுங்க. எனக்குத் தலை சுத்துது."

"நின்னா மறந்துபோகுது மாப்ள."

பொன்னமராவதி ரோட்டில் வீடு கட்டிய பெரியகருப்பனுக்கு ஒரு கேட்டு கொண்டுபோய் மாட்டினோம். மறுநாள் போன் செய்தார்.

"ஏப்பா, கேட்டுக்குப் பின்னால என்னமோ மந்திரம் எழுதியிருக்கே. பூசே பூசோன்னு. திருஷ்டிக்கா?"

"ஆமாண்ணே."

"பெயிண்ட் அடிச்சா பலிக்குமா?"

"ரெண்டு கோட்டு அடிங்க. நல்லாப் பலிக்கும்."

அக்காள் பாடு வேறு. "தம்பி, ஒங்க மச்சானுக்கு என்னமோ பிடிச்சுக்கிச்சுடா. சோத்துல கைய வச்சுக்கிட்டு ஈசே ஈசோங்கிறாரு. குழம்பு ஆறிப்போகுது. கட்டுன நாள்லருந்து எங்கிட்ட நாலு வார்த்தை சேந்தாப்புல பேசுனதில்ல. எவளோ ஒருத்திக்கு ராத்திரி பகலா மனப்பாடம் பண்றாரு." சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஆனால் முகத்தில் சிரிப்பு இல்லை.

நானும் ஒருநாள் பொறுக்க முடியாமல் வாயை விட்டுவிட்டேன். "கடல் தாண்டிப் போயி கேளுங்க மச்சான், நல்லாக் கேளுங்க. பக்கத்துத் தெருவுல கேக்க வேண்டியத மட்டும் விட்ருங்க" என்றேன். அவர் கையிலிருந்த சாக்பீஸ் ஒடிந்தது. குனிந்து பொறுக்கினார். வாசலுக்கும் மெஷினுக்கும் நடந்தார்.

ஐந்து மாதம் இப்படியே ஓடியது. இன்றைக்குப் பேசுகிறேன், நாளைக்குப் பேசுகிறேன் என்பார். போனை எடுப்பார், வைப்பார். அப்புறம் மஸ்கட்டுக்கு விசா வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை திருச்சியிலிருந்து பிளைட். அங்கே போய் டூட்டியில் இறங்கிவிட்டால் இந்தப் பேச்சு நடக்காது என்று அவருக்கே தெரியும். ஞாயிற்றுக்கிழமை நம் நேரம் நாலு மணிக்குக் கூப்பிடுவதாக மிலாக்ரோசாவுக்குச் செய்தி அனுப்பிவிட்டார். அங்கே அப்போது சர்ச்சில் பூசை முடிந்து சொந்தபந்தம் எல்லாம் வீட்டில் இருக்குமாம்.

சனிக்கிழமை டைரியை என் கையில் கொடுத்தார். "நீ கேளு மாப்ள. நான் சொல்றேன்."

நான் ஆறாவது வரை படித்தவன். என் வாழ்க்கையில் ஒருத்தருக்குப் பாடம் கேட்டது அன்றுதான்.

"போனேன், போனான்?"

"ஃபுயி, ஃபுவே."

"வச்சேன், வச்சான்?"

"பூசே, பூசோ."

"சொன்னேன், சொன்னான்?"

"திஹோ" என்றார். தண்ணீர் குடிக்கப் போனார்.

ஒரு சுற்று முடிந்து மறுபடி அதே வரி. "திஹோ" என்றார். மூன்றாம் சுற்றிலும் அப்படியே.

"அது சொன்னான். சொன்னேனுக்கு என்ன? அத மட்டும் ஏன் மச்சான் முழுங்குறீங்க? அதுல என்ன கல்லா கெடக்கு?"

நடந்துகொண்டே இருந்தவர் மெஷின் பக்கத்தில் நின்றார். முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னார்.

"ரூட் ஓட்டிக்கிட்டு இருந்தேன் மாப்ள. பாதி ராடு எரிஞ்சிருச்சு. மேல பலகை ஆடுது, எறங்கட்டுமான்னு அன்செல்மோ கேட்டான். எஸ்பேரான்னேன். பொறுன்னு அர்த்தம். பொறுத்தான்."

நானும் வெல்டிங் கண்ணாடி போடுகிறவன். எனக்கு விளக்க வேண்டியதில்லை. பைப்பில் முதல் ஓட்டுக்கு ரூட் என்று பெயர். அது ஓடிக்கொண்டிருக்கும்போது கையை எடுத்தால் அந்த இடத்தில் ஓட்டை விழும். எக்ஸ்ரேயில் தெரியும். வெட்டிவிட்டு முதலிலிருந்து செய்யச் சொல்வார்கள். மிச்சம் பாதி ராடு எரிந்து தீர ஒரு நிமிஷம்கூட ஆகாது. நானாக இருந்தாலும் பொறு என்றுதான் சொல்லியிருப்பேன்.

"பெல்ட் போட்டிருந்தானா?"

"போட்டிருந்தான். நான் பாத்தேன். கொக்கிய மாட்டுன பைப்பும் பலகையோட சேந்து வந்துருச்சு."

"அத மட்டும் சொல்லுங்க மச்சான். அவ கேக்குறது அதானே. நீங்க பொறுன்னு சொன்னது யாருக்குத் தெரியும்?"

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். "துட்டி கேக்கப் போயி பாதிய மறைச்சுட்டு வர்றதா?"

டைரியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மூன்றரை மணிக்கே வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. பட்டறையில் ஆள் இல்லை. டீ வாங்கி வரட்டுமா என்றேன். வேண்டாம் என்றார். தண்ணீரும் வேண்டாம் என்றார்.

"வீட்ல உக்காந்து பேசலாம்ல மச்சான்? ஹரிணி இருப்பா, ஒத்தாசையா இருக்கும்."

"துட்டி கேட்டுட்டு குளிக்காம வீட்டுக்குள்ள எப்படி இருக்குறது? இங்க பேசிட்டு ஒங்க பைப்புல குளிச்சுட்டுப் போறேன்."

ஒரு சாக்கை விரித்து அதில் உட்கார்ந்தார். உட்கார்ந்தாரே தவிர, முழங்கால் ஆடிக்கொண்டே இருந்தது. போன் போட்டு, சத்தத்தைக் கூட்டி முன்னால் வைத்தார். நான் எதிரில் ஒரு தகட்டின் மேல் உட்கார்ந்தேன். மணி அடித்தது. ஒரு பொம்பளைக் குரல் வந்தது.

"சென்யோரா, யோ சோய் உதயா" என்றார். அங்கே அவர் பெயர் உதயா.

அவ்வளவுதான், அந்தப் பக்கத்திலிருந்து மழை மாதிரி கொட்டியது. மச்சான் சொல்லத்தான் படித்திருந்தார். கேட்கப் படிக்கவில்லை. "தெஸ்பாசியோ, தெஸ்பாசியோ" என்று கெஞ்சினார். மெதுவாக என்று அர்த்தம். அங்கே பேச்சு நின்றது.

பிறகு ஆரம்பித்தார். டைரியைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு வார்த்தையாக, ஈரத் தரையில் கால் வைக்கிறவன் மாதிரி வைத்தார். ஐந்து மாதம் காது புளிக்கக் கேட்டதால் எனக்கும் பாதி புரிந்தது. அன்செல்மோ வந்தான். பெல்ட்டைப் போட்டான். இதை இரண்டு தடவை சொன்னார். மேலே போனான். கேட்டான். அங்கே நின்றுவிட்டார்.

"யோ திஹே" என்றார். நான் சொன்னேன். "யோ திஹே, எஸ்பேரா."

போனுக்குள் எங்கேயோ ஒரு சேவல் கூவியது. அந்த ஊர்ச் சேவல். மச்சான் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். போனைப் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள் என்றுதான் நினைத்தேன்.

மிலாக்ரோசா மறுபடி பேசினாள். மெதுவாக, சின்னப் பிள்ளையிடம் கேட்பதுபோல. கே திஹோ? என்ன சொன்னான்?

"தெங்கோ ஆம்ப்ரே" என்றார் மச்சான். பிறகு என்னைப் பார்த்து, எனக்கும் சொல்ல வேண்டியது போல, "பசிக்குதுன்னான் மாப்ள. சீக்கிரம் முடின்னான். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னான்" என்றார்.

அவள் அழுதாள். நெடுநேரம் அழுதாள். அதற்கு நடுவில் என்னவோ சொன்னாள். மரவள்ளி, மீன், இந்த இரண்டும்தான் மச்சானுக்குப் பிடிபட்டது. அன்றைக்குக் கட்டிக்கொடுத்த சோற்றைச் சொல்கிறாள் என்றார். பிறகு ஒரு கிழவர் வந்தார். அப்புறம் இன்னொரு பொம்பளை. துட்டி வீட்டில் ஒவ்வொருவராக வந்து கையைப் பிடிப்பார்களே, அப்படி ஒவ்வொருவராகப் போனை வாங்கி ஒரு வார்த்தை சொன்னார்கள். மச்சான் எல்லாருக்கும் சீ, சீ என்றார். ஆமாம், ஆமாம். அவர்கள் மன்னித்தார்களா என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. யாரும் திட்டவில்லை. யாரும் பாதியில் போனை வைக்கவில்லை.

பேச்சு முடிந்தது. நான் பின்னால் போய்ப் பைப்பைத் திறந்து வாளியை வைத்தேன். நிரம்பி வழிந்தது. அவர் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். அதே சாக்கில் உட்கார்ந்திருந்தார். முழங்கால் ஆடவில்லை.

"தண்ணி ரொம்பிருச்சு மச்சான். குளிங்க. அக்கா தேடும்."

"இரு மாப்ள. குளிச்சா துட்டி முடிஞ்சுபோகும்."

எனக்குப் புரியவில்லை. நின்றேன்.

"மாமா எனக்கு கடைசியா போன் பண்ணுனாரு. எப்ப வர்றீங்க மாப்ளன்னாரு. டூட்டில இருக்கேன், அப்புறம் பேசுறேன்னு வச்சுட்டேன். மூணாம் நாள் மாமா போயிட்டாருன்னு நீ போன் பண்ணுன. ஊருக்கு வந்து ஒன் வீட்டு வாசல்ல நின்னப்ப கேக்கணும்னுதான் நின்னேன். கேட்டா நீ சொல்லுவ. அப்பறம் நான் இதச் சொல்லணும்ல? சென்ட் பாட்டில எடுத்து நீட்டிட்டேன்."

பைப்பை மூடிவிட்டு வந்தேன்.

மச்சான் சாக்கில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

"இங்கிட்டு வந்து உக்காரு மாப்ள. மாமாவுக்கு எப்படி ஆச்சு? அன்னைக்குக் காலையிலருந்து சொல்லு."