வெள்ளிப் பெயிண்டைத் தாண்டாத ஒலி

எழுபதுகளின் கடைசியில், உலோகத்துக்குள் ஒலியைச் செலுத்தி விரிசல் தேடுவது என் உத்தியோகம். காதுக்குக் கேட்காத ஒலி அது. இரும்பின் மறுமுனையில் மோதித் திரும்பினால் திரையில் ஒரு கோடு எழும். நடுவில் விரிசல் இருந்தால் கோடு முன்னதாகவே எழும்.

பேத்துப்பாறைக்கு மேலே ஒரு காப்பித் தோட்டம். ஆட்களும் மூட்டைகளும் போகும் டிராலியைச் சரிவில் கம்பிவடத்தால் இழுத்து ஏற்றி இறக்க அங்கே ஒரு விஞ்ச் இருந்தது. கம்பிவடம் சுற்றும் உருளையின் அச்சைச் சோதிக்கப் போனேன். விஞ்ச்காரர் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

“டிராலி ஏறும்போது டொக்குனு ஒண்ணு கேக்குதுங்க. எம் பொண்டாட்டி தெனமும் வெள்ளனே இதுலதான் கீழ எறங்குறா. நல்லாப் பாருங்க சார்.”

அதிகாரி வருகிறார் என்றால் நம் ஆட்கள் எதற்கும் பெயிண்ட் அடித்துவிடுவார்கள். மேனேஜர் துருவைக்கூடத் தேய்க்காமல் அச்சின் முனையில் வெள்ளிப் பெயிண்டை அப்பியிருந்தார். எண்ணெய் தடவிக் கருவியை வைத்தேன். ஒரு கோடும் எழவில்லை. ஒலி பெயிண்டைத் தாண்டவே இல்லை.

“சுரண்டணும்” என்றேன்.

“நேத்துதான் சார் அடிச்சது. நாளைக்கு மொதலாளி வர்றாரு” என்றார் மேனேஜர். “மழை வேற கட்டுது. வெரசா கெளம்புனாத்தான் ஜீப்பு எறங்கும்.”

விதிமுறை எனக்கு மனப்பாடம். மறுமுனையின் எதிரொலி வராவிட்டால் சோதனை செல்லாது. அப்படியே எழுதினேன்: ‘மேற்பரப்பு தகுதியற்றது. விரிசல் குறித்துக் கருத்து இல்லை. சீராக்கி மீண்டும் அழைக்கவும்.’ யாரும் குற்றம் சொல்ல முடியாத வாசகம்.

மேனேஜர் படித்துவிட்டு விஞ்ச்காரர் பக்கம் திரும்பினார். “பாத்தியாய்யா, விரிசல் இருக்குன்னு எழுதல. நீதான் டொக்கு டொக்குனு ஊரையே பயமுறுத்திக்கிட்டுத் திரியுற.”

விஞ்ச்காரர் என்னைக் கும்பிட்டார். அறிக்கைக்குப் பொருள் சொல்லும்படி எந்த விதியும் என்னைக் கேட்கவில்லை. ஜீப்பில் ஏறிக்கொண்டேன்.

இரண்டு வாரத்தில் அச்சு முறிந்து, டிராலி சரிவில் தறிகெட்டு ஓடியது. அதில் இருந்தது அவர் மனைவி மட்டும்தான். பிழைக்கவில்லை.

முறிந்த துண்டுகளைச் சோதிக்க என்னையே அனுப்பினார்கள். முறிவில் முக்கால் பங்கு கறுத்துக் கிடந்தது, பழைய விரிசல். மிச்சம்தான் புதிதாகப் பளபளத்தது. முனையில், வெள்ளிப் பெயிண்டின்மேல் நான் வைத்த எண்ணெய் வட்டம் அப்படியே இருந்தது. விதிப்படி சுரண்டினேன். ஒரு டீ குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. கருவியை வைத்ததும் கோடு கூர்மையாக எழுந்தது.

விஞ்ச்காரர் என் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தார்.

“இப்பத் தெரியுதுங்களா சார்?”

“தெரியுது.”

“அன்னைக்கு?”

“அன்னைக்குப் பெயிண்ட் இருந்துச்சு.”

“இப்பவும் இருந்துச்சுல்லங்க” என்றார்.