கைக்குத் தெரியாத அதிர்வு

நூலிழைக் கனத்தையும் அளக்கும் மைக்ரோமீட்டரைத் தொடுவதற்கு முன் கையைப் பச்சைத் தண்ணீரில் நனைத்து ஈரம் போகத் துடைத்துக்கொள்வாள். கைச்சூட்டில் எஃகு விரிந்து பொய் சொல்லும் என்பது அவள் கட்சி. ஒரே இடத்தை மூன்று தடவை அளப்பாள். மூன்றும் ஒத்துப்போனால்தான் எண் வாயிலிருந்து வரும். எஞ்சினுக்குள் சுழலும் கிராங்க் தண்டுகளைச் சாணை பிடிக்கும் அந்தப் பட்டறையில் பதினேழு வருடமாக இப்படித்தான். கொஞ்சம் முன்னேபின்னே இருந்தால் என்ன என்று முதலாளி ஒருமுறை கேட்டுப் பார்த்தார். "முன்னயா பின்னயான்னு சொல்லுங்க, அதையே எழுதிடறேன்" என்றாளாம்.

இந்தக் கண்டிப்பெல்லாம் பட்டறையோடு சரி என்றுதான் வேன் ஓட்டும் கணவர் நினைத்திருந்தார். சமையலில் உப்பைக் கைக்கு வந்தபடி அள்ளிப் போடுகிறவள்தானே.

எட்டு மாதத்துக்கு முன் ஒரு நண்பர் பேச்சைக் கேட்டு, தன் வேனில் கிராங்கின் முனையில் பெல்ட்டைச் சுழற்றும் கனத்த இரும்புப் புல்லியைக் கழற்றிவிட்டு, நீலமாக மின்னும் அலுமினியப் புல்லி ஒன்றை மாட்டினார். அவளிடம் மூச்சு விடவில்லை. மிதித்ததும் வண்டி சீறியது. போன வாரம் பெல்ட் கத்துகிறதே என்று அவளே பானெட்டைத் திறந்தாள். திறந்தவள் நெடுநேரம் நிமிரவில்லை.

"பழசு எங்க?"

பரணிலிருந்து எடுத்து வந்தார். நடு இரும்புக்கும் வெளி வளையத்துக்கும் இடையே கறுப்பாய் ஒரு ரப்பர் பட்டை இருந்தது. அவர் இதுவரை கவனித்ததில்லை. சிலிண்டரில் தீப்பற்றும் ஒவ்வொரு முறையும் தண்டு ஒரு துளி முறுக்கிக்கொண்டு திரும்புமாம், நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில். அந்த முறுக்கைத் தின்பதற்கென்றே வைத்த ரப்பராம். தான் கைவைத்துப் பார்த்ததாகவும் ஆட்டமே இல்லை என்றும் அவர் வாதாடினார்.

"கைக்குத் தெரியுற ஆட்டம் தண்டை உடைக்காதுங்க. இது உள்ளுக்குள்ளயே முறுக்குறது."

பழையதையே மாட்டிவிட்டால் தீர்ந்தது என்றார். திங்கட்கிழமை முதியோர் இல்லத்தார் பதினோரு பேரை மலைக்குக் கூட்டிப்போக வேண்டும். சொன்ன சவாரியை ஒருநாளும் தட்டாதவர் என்பதுதான் ஊரில் அவருக்கு இருந்த ஒரே பெயர்.

"எட்டு மாசம் முறுக்கினது முறுக்கினதுதானே? பிரிச்சுப் பாத்துடுவோம். ஒண்ணுமில்லேன்னா ஆயுசுக்கும் என்னைக் குத்திக் காட்டுங்க."

ஞாயிற்றுக்கிழமை, ஆளில்லாத பட்டறையில் இருவருமாகப் பிரித்தார்கள். மதியத்துக்குள் தண்டு வெளியே வந்தது. கண்ணாடி மாதிரி இருந்தது. குத்திக் காட்ட அவர் வாயெடுத்தார். அவள் அதன்மேல் நீர்த்த எண்ணெயைத் தடவி, பத்து நிமிடம் காத்திருந்து, சொட்டு ஈரமில்லாமல் துடைத்தாள். சாக்பீஸ் தூளைத் துணியில் கட்டி மேலே தட்டினாள். மின்விசிறியை நிறுத்தச் சொன்னாள். அவர் மூச்சையும் சேர்த்து நிறுத்திக்கொண்டார்.

தண்டின் முதல் கழுத்து வளைகிற இடத்தில், வெள்ளைக்குள்ளிருந்து கறுப்பாய் ஒரு முடி எழுந்தது. யாரும் வரையவில்லை. விரிசலுக்குள் ஒளிந்திருந்த எண்ணெய் தானாகவே கசிந்து, பச்சைக் குழந்தையின் புருவம்போல வளைந்து நீண்டது. இருபது வருடம் இந்த மாதிரித் தண்டுகளின் மேல் உட்கார்ந்துதான் அவர் பிழைத்திருக்கிறார். கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. இரும்பையா, இவளையா என்று விளங்கவில்லை.

"மலை ஏறியிருக்குமா?"

"ஏறியிருக்கலாம். இறங்கியிருக்குமான்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியல."

இல்லத்து மேலாளரின் எண்ணைப் போட்டவர், மணி அடிக்கும்போதே போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டார். அவள் போனை வாங்கிக்கொண்டாள்.

"வேன்காரர் வீட்டுலேருந்து பேசறேங்க. நாளைக்கு வண்டி வராது. அவர் நல்லாத்தான் வச்சிருந்தார், நான்தான் வேலையத்துப் போய்ப் பிரிச்சுப் போட்டுட்டேன். வேற வண்டி பாத்துத் தர்றோம்."

மேலாளரின் குரல் உயர்வது அவருக்கும் கேட்டது. உண்மையைச் சொல்லிவிட அவர் கையை நீட்டினார். அவள் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டு, முதுகைத் திருப்பி நின்று, வந்த திட்டையெல்லாம் "ஆமாங்க, ஆமாங்க" என்று வாங்கிக்கொண்டிருந்தாள்.