ஒரு கை அகலம்

கோடை வெயிலிலும் வேகத்திலும் சாலையை நன்றாகப் பிடிக்கும் என்று சொல்லி, என் மகள் தன் சின்னக் காருக்கு விலை குறைந்த டயர்களை மாட்டியிருந்தாள். "உயிரோட விளையாடுறடி" என்று மரக்காணம் வரை புலம்பிக்கொண்டே வந்தேன்.

உப்பளத்தின் ஓரம் நின்ற லாரிக்குப் பின்னாலிருந்து, தலையில் உப்புக்கூடையோடு ஒரு பெண் திடீரென்று சாலையில் இறங்கினாள். மகள் பிரேக்கை மிதித்தாள். நான் கண்களை இறுக மூடிக்கொண்டேன்.

திறந்து பார்த்தால், கார் எந்தப் பக்கமும் இழுக்காமல் நேராக நின்றிருந்தது. பம்பருக்கும் அந்தப் பெண்ணின் சேலைக்கும் நடுவே ஒரு கை அகலம்தான் இருந்தது. தலைச்சுமையோடு கழுத்தைத் திருப்ப முடியாதே! "கண்ண எங்க வச்சிக்கினு ஓட்டுற?" என்று எதிரே இருந்த உப்புக்குவியலைப் பார்த்துத் திட்டியபடி, ஒரு கல் உப்பும் சிந்தாமல் அவள் கடந்து போனாள்.

நான் இறங்கி முன்டயரைத் தொட்டேன். சுட்டது.

"என்னம்மா, கும்பிடப் போறியா?" என்றாள் மகள். ஸ்டியரிங்கிலிருந்து அவள் இன்னும் கையை எடுக்கவில்லை.

"கும்பிட்டா என்னடி தப்பு?" என்றேன்.

மழையில் அந்த டயர்கள் எப்படி ஓடுமோ, தெரியாது. அந்த ஒரு கை அகலம் இல்லாமல் போயிருந்தால் என் மகள் எப்படிப்பட்டவளாக வீடு திரும்பியிருப்பாள் என்று நினைத்தால், இன்றும் எனக்கு உள்ளங்கை வேர்க்கிறது.