கொட்டாய் முனை

கடலூர் மஞ்சக்குப்பத்தில் பேருந்தைவிட்டு இறங்குகிறேன். நாற்பதாண்டு கழித்து வந்திருக்கும் எனக்கு, நான் பிறந்த தெருவுக்குத் திரும்பும் முனையே புலப்படவில்லை. எங்கும் அடுக்குமாடிகள். பலாச்சுளை விற்கும் இளம்பெண்ணிடம் வழி வினவுகிறேன்.

"நேரா போயி சினிமா கொட்டாயாண்ட திரும்புங்க சார்."

அவள் கை காட்டும் இடத்தில் நகைக்கடையொன்று மின்னுகிறது.

"கொட்டாய் எங்கே, அம்மா?"

"நான் பொறக்கறதுக்கு முன்னாடியே இடிச்சிட்டாங்க. ஆனா கொட்டாய்னாதான் எல்லாருக்கும் தெரியும். ஊருக்குப் புதுசா?"

"இவ்வூரிலேயே பிறந்தவன்."

"நல்லா இருக்கே! இங்க பொறந்துட்டு என்னாண்ட வழி கேக்கறீங்களே!" என்று சிரித்தபடி ஒரு சுளையை நீட்டுகிறாள்.

அதைச் சுவைத்தவாறே, இல்லாத கொட்டாயின் முனையில் திரும்புகிறேன். என் தெரு, முன்போலவே வளைந்து செல்கிறது.